வெதுவெதுப்பான குடம்

அக்காவின் கணவருக்கு ஒரு பழக்கம். எந்தக் கண்ணாடியைக் கண்டாலும் நடுவிரலை மடக்கி ஒரு தட்டுத் தட்டிப் பார்ப்பார். கடையின் முகப்பு, பஸ் ஜன்னல், படச் சட்டம், எதுவானாலும் சரி. தட்டிவிட்டுத் தலையைச் சாய்த்துக் கேட்பார். பிடித்தால் புருவம் ஏறும், பிடிக்காவிட்டால் உதடு பிதுங்கும். ஒருமுறை கண் டாக்டர் குனிந்து டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது, டாக்டரின் மூக்குக் கண்ணாடியைத் தட்டக் கையைத் தூக்கிவிட்டார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அக்கா அந்தக் கையைப் பிடித்து இழுத்து மடியில் வைத்துக்கொண்டாளாம்.

நான் அவரை அத்தான் என்பேன். தெருவுக்கு அவர் தொட்டிக்காரர். மீன் தொட்டி செய்து விற்பவர் என்பதால் வந்த பெயர். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டுவிட்டு, பீரோவுக்கு நிலைக்கண்ணாடி மாட்டும் கடையில் சேர்ந்தவர். அங்கே மிஞ்சிய துண்டுக் கண்ணாடிகளை ஒட்டி விளையாட்டாக ஒரு தொட்டி செய்தார். அது ஒழுகவில்லை. அந்த ஒழுகாத தொட்டிதான் அவர் வாழ்க்கையைத் திருப்பியது. பிறகு அவர் செய்த எந்தத் தொட்டியும் ஒழுகியதில்லை. அதைப் பற்றி அவரே நிறையப் பேசுவார்.

எங்கள் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். அதை எழுதும்போது இப்போதும் எனக்கு முதுகு நிமிர்கிறது. அங்கி போட்டு நான் எடுத்துக்கொண்ட படத்துக்குக் கண்ணாடி அறுத்துச் சட்டம் போட்டு, தம் வீட்டு நடுச் சுவரில் மாட்டியவர் அத்தான். படம் ஓர் இழை சாய்ந்திருந்தாலும் அதை நேராக்காமல் சாப்பிட உட்கார மாட்டார். வேலை கிடைத்து நகரத்துக்கு வந்த நான் அவர்கள் வீட்டிலேயே தங்கினேன். ஒரே வரிசையில் ஒட்டிக் கட்டிய வாடகை வீடுகளில் ஒன்று. இரண்டு அறை. தண்ணீருக்குத் தெருமுனைக் குழாய்.

நான் போய்ச் சேர்ந்த சமயத்தில்தான் அவருக்குத் தையல்கூடத்து வேலை வந்தது.

பள்ளிச் சீருடை தைக்கும் பெரிய கட்டடம் அது. மாடியில் மேற்குப் பார்த்த இரண்டு கூடங்கள். மதியத்துக்கு மேல் வெயில் நேராக உள்ளே இறங்கும். போதாக்குறைக்கு இஸ்திரி மேசைகளின் சூடு. துணியைத் தொங்கவிட்டு மறைத்தால் ஊசிக் கண் தெரியாது, விளக்கைப் போட வேண்டும். முதலாளியம்மாவிடம் ஓர் இன்ஜினியர் ஒரு யோசனை சொல்லியிருந்தார். இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே ஒரு விரல் அளவு இடைவெளி விட்டு, அதில் தண்ணீரை ஓடவிடும் ஜன்னல். வரைபடம் தயார். ஆனால் ஜன்னல் வேலை செய்யும் யாரும் கிட்டே வரவில்லை. ஜன்னலுக்குள் தண்ணீர் என்றதும் எழுந்து போய்விட்டார்கள். தண்ணீரும் கண்ணாடியும் ஒன்றாய் இருக்கத் தெரிந்த ஆள் யார் என்று தேடி, கடைசியில் மீன் தொட்டிக்காரரிடம் வந்தார்கள்.

இந்த ஜன்னலை அத்தான் எங்களுக்கு விளக்காத நாளே கிடையாது. சாப்பிடும்போது டம்ளரில் தண்ணீரை நிரப்பி விளக்குக்கு நேராகப் பிடிப்பார்.

"இந்தா பாரு மாப்ள. வெளிச்சம் வருதா? வருது. இப்ப கைய இந்தப் பக்கம் வை. சூடு வருதா?"

"பல்புல என்ன அத்தான் சூடு வரப்போகுது?"

"படிச்சவன்ல, எதிர்க்கேள்வி கேக்கத்தான் செய்வ. அத வெயில்னு நெனச்சுக்கோ. வெளிச்சத்த விட்டுரும், சூட்டப் புடிச்சு வச்சுக்கும். தண்ணியோட குணம் அது."

"உங்க அம்மாவுக்கும் பாதி குணம் அதுதான்," என்பாள் அக்கா. "சூட்டப் புடிச்சு வச்சுப்பாங்க. வெளிச்சத்தத்தான் விடமாட்டாங்க."

அத்தான் சிரித்துவிட்டு விட்ட இடத்தில் பிடிப்பார். "புடிச்ச சூடு என்னாகும்? தண்ணியோட மேல ஏறும். மேல்குழா வழியா பின்கட்டுத் தொட்டிக்குப் போகும். ராத்திரி ஆறி, மறுபடி கீழ்க்குழா வழியா ஜன்னலுக்கு வரும். அதே தண்ணிதான், சுத்திக்கிட்டே இருக்கும். ஒரு சொட்டு வீணில்ல. மேல்குழாத் தண்ணியத் தொட்டுப் பாரு, வெதுவெதுன்னு இருக்கும். அந்த வெதுவெதுப்புதான் நம்ம ஜன்னல் வேலை செய்யுதுங்கிறதுக்கு அடையாளம்."

கடைசி வரியை அக்காவும் கூடவே சொல்வாள், அவர் குரலிலேயே. அந்த அளவுக்குக் கேட்டிருந்தாள்.

முதலாளியம்மாவின் ஏற்பாடு எளிமையானது. ஒரு கூடத்துக்குத் தண்ணீர் ஜன்னல், அடுத்ததற்குப் பழைய கண்ணாடி. இரண்டிலும் ஒவ்வொரு வெப்பமானி. கோடை தொடங்கி முதல் மழை வரை தினமும் பிற்பகலில் இரண்டையும் பார்த்து, துணி வெட்டும் மேசைக்குப் பின்னால் உள்ள கரும்பலகையில் எழுத வேண்டும். வித்தியாசம் கண்ணில் படும்படி இருந்தால் கட்டடம் முழுக்க இந்த ஜன்னல்தான். இல்லாவிட்டால் கழற்றிப் போட்டுவிட்டு ஏசி. முதலாளியம்மாவின் தம்பி, ஏசிக்காரரின் அட்டையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டே திரிந்தார்.

கட்டடம் முழுக்க என்றால் அத்தானுக்கு அது என்ன என்று எங்களுக்குத் தெரியும். பீரோவுக்குக் கண்ணாடி மாட்டியவர், மீனுக்கு வீடு கட்டியவர். மனிதர்கள் இருக்கும் கட்டடத்தில் தம் கை வேலை நிற்க வேண்டும் என்பது அவர் ஆசை. இது நடக்காவிட்டால் திரும்பவும் மீன் தொட்டிதான்.

முதல் வாரம் நன்றாகப் போகவில்லை. காலையில் குளிர்ச்சியாக இருந்த கூடம் மதியத்துக்கு மேல் காலை வாரியது. பின்கட்டில் இருந்த தொட்டி கறுப்பு பிளாஸ்டிக். அதுவும் மேற்கு வெயிலில் நின்றது. ஜன்னலில் சூடான தண்ணீர் ஆறுவதற்கு அங்கே போய், அங்கேயும் சூடேறித் திரும்பி வந்தது. கரும்பலகையில் இரண்டு எண்களும் ஒட்டிப்பிறந்தவை மாதிரி நின்றன. போதாததற்குக் குழாயில் காற்று புகுந்து ஜன்னல் அவ்வப்போது சத்தம் போட்டது.

"மாஸ்டர், உங்க ஜன்னல் ஏப்பம் விடுதே, சாப்பாடு பலமோ?" என்றாள் ஒருத்தி.

"நாலு மீன உள்ள விடுங்க மாஸ்டர், பாத்துக்கிட்டாவது தைக்கிறோம்," என்றாள் இன்னொருத்தி.

துணி வெட்டும் பிரிவின் மூத்தவளைக் கட்டிங் அக்கா என்பார்கள். சாக்பீஸால் பலகையில் எழுதுவது அவள் பொறுப்பு. அவள் கேலி செய்யவில்லை. நெற்றியில் ஈரத்துணியைக் கட்டிக்கொண்டு, "தலை வெடிக்குது மாஸ்டர். ஏதோ செய்வீங்கன்னு நெனச்சோம்," என்று மட்டும் சொன்னாள்.

வாசலில் தம்பி முதலாளி பிடித்துக்கொண்டார். "என்ன தொட்டிக்காரரே, ஏசிக்காரன வரச் சொல்லிரவா?"

"இன்னும் ரெண்டு நாள் பாருங்க சார்," என்றார் அத்தான்.

மறுநாள் அவர் செய்ததை அப்போது நாங்கள் அறியவில்லை. பிற்பாடு அவர் வாயாலேயே கேட்டது. தொட்டியை நிரப்புவதற்கென்று ஊர்க் குழாய் இணைப்பு ஒன்று பின்கட்டில் இருந்தது. அதைக் கழற்றி நேராக ஜன்னலின் கீழ்க்குழாயில் மாட்டினார். மேல்குழாயைத் தொட்டியிலிருந்து உருவி, மதில் சுவரின் அடியில் இருந்த ஓட்டை வழியாகப் பின்சந்துக்கு விட்டார். இனி தண்ணீர் சுற்றாது. பூமிக்கடியில் வரும் குளிர்ந்த ஊர்த் தண்ணீர் ஜன்னலில் ஏறும், வெயிலின் சூட்டை வாங்கிக்கொண்டு சாக்கடைக்குப் போகும். ஆறவைக்க வேண்டியதே இல்லை, புதுத் தண்ணீர் வந்துகொண்டே இருக்கும்.

ஒரே ஒரு நாள் என்று நினைத்துத்தான் செய்தாராம். அன்று கட்டிங் அக்கா பலகையில் எழுதிய எண்ணைப் பார்க்கத் தையல் எந்திரங்களை விட்டு எல்லாரும் எழுந்து வந்தார்கள். அதற்கு மறுநாள் வெயில் இன்னும் கடுமை. பழையபடி சுற்றவிட்டால் எண் விழும், ஏன் விழுந்தது என்று கேட்பார்கள். அதற்கு மறுநாளும் அப்படியே. நேற்று எழுதிய எண் இன்று அவர் கழுத்தைப் பிடித்தது. மதியச் சாப்பாட்டுக்குப் பின் திறப்பார், கூடம் கலையும்போது மூடுவார். பின்கட்டுக் கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, "உள்ள பிரஷர்ல இருக்கு, யாரும் வரக்கூடாது," என்று சொல்லிவைத்தார்.

எங்கள் தெருக் குழாய் மெலியத் தொடங்கியது.

காலையோ சாயங்காலமோ, குடத்தை வைத்தால் நூல் மாதிரி இறங்கியது. முன்பு ஒரு பேச்சு முடிவதற்குள் நிறைந்த குடம் இப்போது ஒரு சண்டை முடிந்தும் நிறையவில்லை. எதிர்வீட்டுக்காரியை எல்லாரும் ரேடியோ என்பார்கள். காரணம் சொல்லத் தேவையில்லை. அவளிடம் தினம் ஒரு செய்தி இருந்தது. குழாய் எங்கேயோ உடைந்திருக்கிறது, மோட்டார் எரிந்துவிட்டது, மேல்நிலைத் தொட்டியில் ஓட்டை.

"இல்லடி, குழாய்க்கே தாகம் எடுத்துருச்சு. வர்ற வழியிலயே குடிச்சுருது," என்றாள் ஒருநாள். வரிசை முழுக்கச் சிரித்தது. அக்கா அதை வீட்டில் வந்து சொன்னாள். நான் சிரித்தேன். அத்தான் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கை கழுவ எழுந்தார். ஒரு கை அள்ளி, அதிலேயே விரலை நனைத்துத் துடைத்துக்கொண்டார்.

"சோத்துக் கை அது. ஒழுங்கா கழுவுங்க," என்றாள் அக்கா.

"போதும். தண்ணி இல்லன்னியே."

மனுஷனுக்கு என்ன பொறுப்பு என்று நான் நினைத்துக்கொண்டேன். ஜன்னல் விளக்கம் நின்றுபோயிருந்தது. டம்ளரை விளக்குக்கு நேராகத் தூக்குவதில்லை. வெற்றி வந்ததும் அடக்கம் வந்துவிட்டது என்று அதற்கும் ஒரு பொருள் கண்டுபிடித்தேன். என் அலுவலகத்தில் அந்த ஜன்னலைப் பற்றிப் பேசாத ஆள் பாக்கியில்லை. எங்கள் அத்தான் என்று தொடங்கி, எட்டாம் வகுப்பு என்று நிறுத்தி, எதிரில் இருப்பவர் வாயைப் பிளக்கும்வரை காத்திருந்து பேசுவேன்.

அக்காவுக்கு மட்டும் ஏதோ உறுத்தியது. "ஏங்க, உடம்பு கிடம்பு சரியில்லையா? ஒரு வார்த்தை பேசமாட்டேங்கிறீங்க," என்று கேட்டாள்.

"வெயில்," என்றார். அவ்வளவுதான்.

கோடை உச்சத்தில் முதலாளியம்மா வேறு இரண்டு முதலாளிகளை அழைத்து வந்து கூடத்தைக் காட்டினார். அக்காவையும் என்னையும் வரச் சொல்லியிருந்தார். அக்கா பீரோவின் அடியில் இருந்த நல்ல சேலையை எடுத்துக் கட்டிக்கொண்டாள். பழைய கூடத்தில் நுழைந்தால் முகத்தில் அடுப்பு. அடுத்ததில் நுழைந்தால் மரத்தடி. வெளிச்சம் மட்டும் இரண்டிலும் ஒன்றே. நூலின் நிறம் பிரித்துச் சொல்லலாம், அவ்வளவு வெளிச்சம். முதலாளியம்மா பலகையைக் காட்டினார். வந்தவர்கள் கண்ணாடியில் உள்ளங்கையை வைத்து வைத்துப் பார்த்தார்கள். கட்டடம் முழுவதுக்கும் கண்ணாடிக்குச் சொல்லிவிடப்போவதாக முதலாளியம்மா எல்லார் முன்னும் சொன்னார். பெண்கள் கை தட்டினார்கள்.

கட்டிங் அக்கா அத்தானிடம் வந்தாள். "நம்ம பிள்ளைங்க கேலி பண்ணதெல்லாம் மனசுல வச்சுக்காதீங்க மாஸ்டர். இந்தக் கோடையிலதான் எனக்குத் தலைவலி இல்ல." பிறகு அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "உங்க வீட்டுக்காரரு நல்லா இருக்கணும்மா."

எனக்கு நெஞ்சு விம்மியது. ஒன்றை மட்டும் கவனித்தேன், ஆனால் பொருட்படுத்தவில்லை. தாம் செய்த ஜன்னலுக்குப் பக்கத்தில் அவ்வளவு நேரம் நின்ற அத்தான், அதை ஒருமுறைகூட விரலால் தட்டவில்லை.

அடுத்து வந்த என் விடுமுறை நாளில், பிற்பகலில் ரேடியோ மூச்சிரைக்க ஓடிவந்தாள். "அடியே, தையக்கூடத்துப் பின்சந்துல தண்ணி போகுதாம்! நல்ல தண்ணி! ஓடியா!"

அக்கா ஒரு குடம், நான் ஒரு குடம். தெருவே கிளம்பியது. பின்சந்து குறுகல். மதிலின் அடியில் நீட்டிக்கொண்டிருந்த குழாயிலிருந்து தெளிந்த தண்ணீர் சாக்கடையில் விழுந்துகொண்டிருந்தது. ஒருத்தி எங்கிருந்தோ ஒரு தகரத்தை வளைத்து எடுத்து வந்து அணை மாதிரி பிடித்தாள். குடங்கள் நிறைந்தன. எத்தனை நாளாகப் பார்க்காத பெருந்தண்ணீர். சண்டையில்லாமல் வரிசை நகர்ந்தது. ஒரு குழந்தையைக் குழாய்க்கு அடியில் நிறுத்திக் குளிக்கவைத்தார்கள்.

"எந்த மகராசன் தெறந்து விட்டானோ, அவன் குடும்பம் தழைக்கணும்," என்றாள் தகரம் பிடித்தவள்.

அக்காவின் முறை வந்தது. குடத்தைக் கழுவக் கையை நீட்டினாள். தண்ணீர் விரலில் பட்டதும் கை அப்படியே நின்றது.

ரேடியோவும் கையை நீட்டினாள். "ஆமா, என்னடி இது, தண்ணி வெதுவெதுன்னு வருது?"

அக்கா குனிந்தபடியே சொன்னாள். "வெயில்ல வருதுல்ல."

அவள் சொன்னது பொய்யும் இல்லை. குடத்தை நிரப்பி இடுப்பில் வைத்துக்கொண்டு, என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு நடந்தாள். நான் என் குடத்தைத் தோளில் ஏற்றிக்கொண்டு பின்னால் போனேன். பாதி வழியில் கழுத்தில் பட்ட குடத்தின் வெதுவெதுப்பு எனக்குப் புரியத் தொடங்கியது. மதிலுக்கு அந்தப் பக்கம் யாருடைய பின்கட்டு என்பதும் அப்போதுதான் மனதில் வந்தது. "அக்கா..." என்றேன். "வாய மூடிக்கிட்டு வா," என்றாள்.

வீட்டுக்கு வந்ததும் அவள் செய்ததை நான் மறக்க மாட்டேன். தன் குடத்தை அறையின் நடுவில் வைத்து, வாயை மூடி, பழைய கம்பளியை எடுத்து அதைச் சுற்றிக் கட்டினாள். காய்ச்சல்காரருக்குப் போர்த்துவதுபோல. பிறகு பக்கத்தில் உட்கார்ந்தாள். அடுப்பு மூட்டவில்லை.

அத்தான் வந்தார். குடத்தையும் கம்பளியையும் பார்த்து, செருப்பைக் கழற்றாமல் நின்றார். அக்கா கட்டை அவிழ்த்தாள்.

"தொட்டுப் பாருங்க."

அவர் அசையவில்லை.

"தொடுங்க."

உட்கார்ந்து கையை உள்ளே விட்டார். எடுக்கவில்லை.

"வெதுவெதுன்னு இருந்தா என்ன அடையாளம்? நீங்கதான சொல்வீங்க. சொல்லுங்க."

"ஒரு நாள்தான்னு நெனச்சேன்," என்றார். அதன்பிறகு எல்லாம் வந்தது. கறுப்புத் தொட்டி, ஏப்பம், தம்பி முதலாளி, இடுப்புச் சாவி. சொல்லும்போது கை குடத்துக்குள்ளேயே இருந்தது.

"நம்ம குழாய்லதான் தண்ணி கொறையுதுன்னு தெரியுமா, தெரியாதா?"

"மொதல்ல தெரியாது. நீ சொன்னப்புறம் தெரியும்."

"தெனம் சொன்னேனே."

"தெனம் தெரியும்."

அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "திட்டியிருந்தாக்கூடத் தாங்கியிருப்பேன். அந்தச் சந்துல நின்னு உங்கள வாழ்த்துறாளுங்க. அவளுங்க தண்ணிய எடுத்துச் சாக்கடையில விட்டவரு குடும்பம் தழைக்கணுமாம். அந்தக் குடும்பம் குடத்தத் தூக்கிக்கிட்டு அங்கயே நிக்குது."

"ரேடியோவுக்குத் தெரிஞ்சுருச்சா?" என்றார் அத்தான்.

அக்கா அவரை நிமிர்ந்து பார்த்தாள். "இப்ப அதான் உங்க கவலையா?"

அவர் தலை இன்னும் கீழே போனது. "நாளைக்கே மூடிர்றேன். பழையபடி சுத்த விட்டுர்றேன். எண்ணு கொறைஞ்சா வெயில் மேல பழியப் போட்டுக்கலாம். கண்ணாடிக்குச் சொல்லியாச்சுன்னா வேலை நடந்துரும். யாருக்கும் தெரியவேணாம்."

"நடக்கட்டும். கட்டடம் பூரா மாட்டிட்டு, அத்தனை பேரும் உள்ள வேகுறப்ப, தலைவலி போச்சுன்னு என் கையப் புடிச்சாளே அந்தக் கட்டிங் அக்கா, அவகிட்ட நீங்க போய்ச் சொல்வீங்களா, நான் போய்ச் சொல்லவா?"

என் பட்டமளிப்புப் படம் சாய்ந்திருந்தது. யாரும் நேராக்கவில்லை. கடைசியில் அத்தான் என்னைப் பார்த்தார். "மாப்ள, நாளைக்கு என்கூட வர்றியா?"

முதலாளியம்மாவின் மேசைக்கு மேல் தடித்த கண்ணாடி போட்டிருந்தது. அத்தான் அதன் விளிம்பைப் பார்த்தபடியே சொன்னார். ஒழுங்காகவும் சொல்லத் தெரியவில்லை. தொட்டி கறுப்பு என்பதில் தொடங்கி, இன்ஜினியரின் வரைபடம், வெயிலின் கோணம் என்று சுற்றிச் சுற்றிப் போனார். முதலாளியம்மா கேட்டுக்கொண்டே இருந்தார். அத்தானுக்கே தம் சுற்று தாங்கவில்லை போலும், பாதியில் நிறுத்திவிட்டு, "ஏமாத்திட்டேன்மா," என்றார்.

தம்பி முதலாளி சிரித்துவிட்டார். "நாங்க ஜன்னல் கேட்டோம், நீங்க வாய்க்கால் வெட்டியிருக்கீங்க."

முதலாளியம்மா சிரிக்கவில்லை. எழுந்து எங்களை மாடிக்கு அழைத்துப் போனார். எந்திரங்கள் ஒவ்வொன்றாக நின்றன. கரும்பலகையைக் காட்டினார். "அதுல இருக்கறத நீங்களே அழிங்க. ஏன் அழிக்கிறீங்கன்னு இவங்களுக்கும் சொல்லுங்க."

அழிப்பான் கேட்க அத்தானுக்கு வாய் வரவில்லை. உள்ளங்கையாலேயே அழித்தார். சொன்னார். பலகைப் பக்கம் திரும்பி நின்றுதான் சொன்னார், ஆனால் சொன்னார். கூடத்தில் யாருடைய குடும்பமும் எங்கள் குழாயை நம்பியிருக்காது என்று எப்படி நினைத்தேனோ தெரியவில்லை. பின்வரிசையில் இருந்து ஒரு பெண், "எங்க தெருவுலயும் வரலியே, அது நீங்கதானா?" என்று கேட்டாள். கோபமாகக் கூட இல்லை. வியப்பாகக் கேட்டாள். அத்தான் வெள்ளையான உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டு தலையாட்டினார்.

கட்டிங் அக்கா, "அப்ப என் தலைவலி போனது பொய்யா?" என்றாள். யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

"போனது நெசந்தான்மா. தண்ணிதான் திருட்டு."

அன்றே ஊர்க் குழாய் இணைப்பைக் கழற்றி, மதில் ஓட்டையைச் சிமெண்டால் அடைத்தார். முதலாளியம்மா வேலையைப் பறிக்கவில்லை. உள்ளதை உள்ளபடி செய்து காட்டச் சொன்னார். அத்தான் தொட்டியை வடக்குச் சுவரின் நிழலுக்கு நகர்த்தி, வெள்ளை அடித்து, தண்ணீரைச் சுற்றவிட்டார். தொட்டியில் சேரும் சூட்டைத் துணி நனைக்கும் அறைக்குத் திருப்பினார். அங்கே தண்ணீர் காய்ச்சும் வேலை பாதி குறைந்தது. கூடமும் பக்கத்துக் கூடத்தைவிடக் குளிர்ச்சியாகத்தான் இருந்தது. பழைய எண்ணில் பாதிகூட இல்லை. இருந்தாலும் மெய்யான எண். இந்த முறை வெப்பமானியைப் பார்த்து எழுதியவர் தம்பி முதலாளி.

மழை வந்ததும் முதலாளியம்மா கூப்பிட்டனுப்பினார். அன்றும் நான் உடன் போனேன்.

"மொதல்லயே இதைக் காட்டியிருந்தீங்கன்னா இதுக்கே நான் சரின்னு சொல்லியிருப்பேன்," என்றார். "இந்த அளவு போதும். நான் பெருசா எதுவும் கேக்கல. ஆனா இப்ப, என் தம்பியே எழுதுனாலும் இந்த எண்ண என்னால நம்ப முடியல. ரா முழுக்க யோசிச்சுப் பாத்துட்டேன். முடியல."

மாட்டிய ஜன்னல்கள் இருக்கட்டும், கழற்ற வேண்டாம் என்று கட்டிங் அக்கா போய்க் கேட்டிருக்கிறாள். அதனால் அவை இருக்கின்றன. மற்ற சுவர்களுக்கு வெளியில் மரப்பலகைத் தட்டி வைத்து நிழல் செய்துகொண்டார்கள். அத்தான் மீன் தொட்டிக்குத் திரும்பிவிட்டார்.

தெருவுக்குச் செய்தி போய்ச் சேர ரேடியோவே தேவைப்படவில்லை. பலகையை அழித்த மறுநாள் விடிகாலையில், அக்காவின் கையிலிருந்து குடத்தை வாங்கிக்கொண்டு அத்தான் குழாயடிக்குப் போனார். வரிசையில் ஆண்கள் யாரும் நிற்பதில்லை. பேச்சு சட்டென்று நின்றது. நிற்கும் பெண்களுக்கெல்லாம் கடைசியில் குடத்தை வைத்துவிட்டு, "அது நான்தான்," என்றார். அதற்குமேல் அவருக்கு வரவில்லை. யாரும் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை என்று வீட்டில் வந்து சொன்னார்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டுத் தண்ணீர் அவர் பொறுப்பு. சில நாட்களில் தகரம் பிடித்தவள், "வேலைக்கு நேரமாகுதுல்ல, முன்னாடி வாங்க," என்பாளாம். "இல்லம்மா, நான் கடைசி," என்பாராம். கடைசியாக நிற்பவருக்குக் குழாய் சில நாள் பாதியில் நின்றுவிடும். அரைக் குடத்தோடு வருவார். அக்கா ஒன்றும் சொல்லாமல் அரைக் குடத்துக்குத் தகுந்த மாதிரி சமைப்பாள்.

அதைப் பற்றி முதலில் வாயைத் திறந்தவள் ரேடியோதான். ஒருநாள் அவர் குடத்தைத் தூக்கப் போகும்போது குறுக்கே வந்து, ஒரு விரலை உள்ளே விட்டுப் பார்த்தாள். "பச்சத்தண்ணிதான். போங்க," என்றாள். குழாயடியே குலுங்கிச் சிரித்தது. அத்தானின் காது சிவந்துவிட்டதாம். மறுநாளும் விட்டுப் பார்த்தாள். அடுத்த நாளும். பிறகு அவள் வேறு பேச்சில் இருந்தாலும், நிறைந்த குடத்தை அவள் முன்னால் கொண்டுபோய் வைத்துவிட்டு அவர் நிற்கத் தொடங்கினார். அவள் பேச்சை நிறுத்தாமலே விரலை விடுவாள், கையை அசைப்பாள். அதன்பிறகுதான் தூக்குவார்.

போன வாரம் ரேடியோ மகள் வீட்டுக்குப் போயிருந்தாள். நான் பல் துலக்கிக்கொண்டு வாசலில் நின்று பார்த்தேன். வரிசை கலைந்துவிட்டது. நிறைந்த குடத்தைக் குழாயடிக் கல்லின்மேல் வைத்துவிட்டு, அத்தான் எதிர்வீட்டுப் பூட்டைப் பார்த்துக்கொண்டு அப்படியே நின்றார். கடைசியாகக் கிளம்பிய பெண் ஒருத்தி திரும்பி வந்து, இடுப்புக் குடத்தை இறக்காமலே குனிந்து விரலை நனைத்தாள்.

"பச்சத்தண்ணிதான் மாஸ்டர். எடுத்துட்டுப் போங்க."